ராமேஸ்வரத்தில் திறக்கும் சிமிழ்

மேடையில் அமர்ந்திருக்கும் பீங்கான் தொழிலாளர் சங்கத் தலைவர் கோதண்டபாணி அவர்களே, மறைந்த அண்ணனின் துணைவியார் பூவாயி அம்மாள் அவர்களே, சூளை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, தாய்மார்களே! மாதர் சங்கத்தின் சார்பில் வீரம்மாள் வணங்குகிறேன்.

சூளை மேஸ்திரி ஆதிநாராயணன் அண்ணனுக்காக அழவா கூடியிருக்கிறோம்? இல்லை! ஜெயித்த மனிதரைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம்!

அண்ணன் ஒரு காலத்தில் கொழும்பில் வேலை பார்த்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில், எதையெதைப் பார்த்துத் தமிழரை அடையாளம் கண்டு ரயிலிலிருந்து இழுத்தார்கள் என்று கண்ணால் கண்டு திரும்பியவர். அதன்பிறகு நம் ஊரிலிருந்து யார் இலங்கைக்குப் புறப்பட்டாலும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அண்ணன் நிற்பார். யார் கூப்பிட்டார்கள் அவரை? யாரும் இல்லை!

எழுபத்தேழு சித்திரையில் என் மகள் கமலம் புதுப்பெண்ணாக, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கணவரோடு கொழும்புக்குக் கிளம்பினாள். அண்ணன் வந்தார்.

"அந்த ஊரு எப்ப வேணா கெட்டுப்போவும் தாயி. கெட்டா, ரெண்டு பேரும் ஒரே ரயில் பொட்டியில ஏறாதீங்க. வாயத் தொறந்து தமிழ் பேசாத. மெட்டியக் கழட்டிடு. தாலிய ரவிக்கைக்குள்ள போட்டுக்க. பொட்ட அழிச்சுடு" என்றார்.

என் சம்பந்தியம்மாள் ஆராயி விடுவாரா?

"எம் புள்ள கல்லாட்டம் நிக்கறப்ப எம் மருமவ பொட்ட அழிக்கச் சொல்றியே, நீ வெளங்குவியா?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கத் திட்டினார்.

அண்ணன் சிரித்தார். "பொட்டு போனா மறுபடி வச்சுக்கலாம்மா. நெத்தி போனா? திட்டணும்னா, பொண்ணு திரும்பி வந்ததும் வந்து திட்டுங்க."

தன் கையால் செய்து சூளையில் சுட்ட சின்னப் பீங்கான் குங்குமச் சிமிழைக் கமலத்திடம் கொடுத்தார். "ராமேஸ்வரத்துல எறங்கித்தான் இதைத் தொறக்கணும்."

ஆவணியில் கலவரம் மூண்டது. ஊர் திரும்பக் கப்பலைப் பிடிக்க இருவரும் ஏறிய தலைமன்னார் ரயிலை வழியில் மறித்துப் பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். மருமகன் வேறு பெட்டியில். என் மகள் வெறும் நெற்றியோடு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒருவன் அவள் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், கால்விரலைப் பார்த்தான். நகர்ந்துவிட்டான்!

ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கியதும், அதேபோலத் தப்பி வந்த மருமகனே சிமிழைத் திறந்து பொட்டு வைத்துவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு வீடு வந்து சேர்ந்தாள் என் மகள்!

மறுநாளே சம்பந்தியம்மாள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்னம்மா, திட்ட வந்தீங்களா?"

"ஆமா. பொறக்கப்போற புள்ளைக்கு நீதான் பேரு வெக்கணும். மாட்டேன்னு சொல்லு, அப்பறம் இருக்குது ஒனக்கு!"

அண்ணன் தன் தாயார் பெயரை வைத்தார். அந்தச் சொர்ணாம்பாள்தான் இதோ உங்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடுகிறாள்! என் பேத்தி! இந்த ஜில்லாவில் இவளுக்கு ஈடு உண்டா? அண்ணனின் வெற்றிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெரியோர்களே! கருவேப்பிலங்குறிச்சி நல்லமுத்துவின் மகள் நாளை இலங்கைக்குப் புறப்படுகிறாள். அண்ணன் செய்து வைத்த சிமிழ்களைப் பூவாயி அண்ணி என்னிடம் ஒப்படைத்துவிட்டார். இனி அந்தப் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். பொட்டை அழிக்கச் சொல்வேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள்.

ஆனால் திரும்பி வந்து, என் வீட்டு வாசலில் நின்று திட்டுங்கள்!