மேனேஜருக்கு வயசாயிடுச்சு

இல்ல டாக்டர், கூடையத் திறக்காதீங்க. கதவக் கொஞ்சம் சாத்திக்கலாமா? அப்பா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. காது நல்லாவே கேக்கும்.

ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சு, அதான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஏழுதான், தெரியும். பூனைக்கு அது ஒரு வயசே இல்லையா? அவருக்குத் தெரியவா போகுது!

போன வாரம் நீங்க படத்தக் காட்டி சொன்னீங்கல்ல, இதயத் தசை தளந்துபோய் பெருசா ஊதியிருக்குன்னு. கறி, மீனுல இருக்கற ஏதோ சத்து இல்லாம பூனைக்கு ஆகாதுன்னு. என்ன போட்டீங்கன்னு கேட்டப்ப, அப்பா தட்டுலேர்ந்து சாப்பிடும்னேன். அது நிஜம்தான். ரெண்டு வருஷமா வேகவச்ச காயும் கஞ்சியும்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததுலேர்ந்து வீட்டுல கவிச்சியே கிடையாது. நான் போட்ட சட்டம். அவருக்கு நாக்கு நீளம் டாக்டர், வாசனை வந்தாலே போதும், மனுஷன் நிக்க மாட்டாரு. தட்டுக்கு எதிர்ல உக்காந்து இது அவர முறைக்கும். அதனாலயே மேனேஜர்னு பேரு வச்சாரு.

ஆமா. அசையலதான். வழியிலயே அடங்கிடுச்சு, என் மடியில. அவரு முன்சீட்டுலேர்ந்து திரும்பித் திரும்பி, மேனேஜர் எப்படிம்மா இருக்காருன்னு கேட்டுட்டே வந்தாரு. தூங்குதுப்பான்னேன்.

தன் தட்டாலதான் போச்சுன்னு நெனச்சா அவரு நெஞ்சு தாங்குமா, நீங்களே சொல்லுங்க.

என்ன? அவரே உங்களுக்கு ஃபோன் பண்ணி மேனேஜருக்கு என்னன்னு கேட்டாரா? எப்ப? டின்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?

சொல்லலையா. சொல்ல மாட்டாரு.

ஆறு மாசம் இருக்கும். அவரு கட்டிலுக்கு அடியில நாலு மீன் டின் கிடந்துச்சு. எனக்கில்லம்மா, மேனேஜருக்கும்மான்னு கெஞ்சினாரு. இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்ப்பான்னு அவரு கண்ணு முன்னாடியே குப்பையில போட்டேன். அப்புறம் அதப் பத்தி அவரு வாயே திறக்கல. இன்னைக்கும் திறக்க மாட்டாரு. சும்மா என்னப் பாப்பாரு, அவ்வளவுதான்.

வயசுன்னே சொல்லிடுங்க டாக்டர்.

டின்னுல பூனைப் படம் போட்டிருந்துச்சு. பாத்துட்டுதான் குப்பையில போட்டேன்.