பரீட்சையில் பாஸ்

— மனு தள்ளுபடின்னா என்னங்க வக்கீல் சார்? தம்பிக்கு நான் கார்டியன் இல்லையா?

— இல்லம்மா லூர்துராணி. இன்னாசிராஜுக்குக் கார்டியனே வேண்டாம்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. புத்தி தெளிவா இருக்காம்.

— அவனுக்கா? முப்பத்திரண்டு வயசு, இன்னும் சட்டப் பொத்தான நான்தாங்க போட்டு விடுறேன். தென்னூர் வீட்ட அப்பா அவன் பேர்ல எழுதி வச்சுட்டு அம்பத்தி நாலாம் வருஷம் கண்ண மூடிட்டாரு. தொட்டியத்துச் சித்தப்பா ஒரு பொட்டலம் அல்வா நீட்டுனா எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போட்டுடுவான். அதத் தடுக்கத்தானேங்க இந்த மனுவே?

— தெரியும்மா. ஆனா ஜட்ஜ் கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்றானே! பேரு, வயசு, கிழமை... "உன் வீட்ட யாராச்சும் கேட்டா?"ன்னாரு. "குடுக்க மாட்டேங்க ஐயா, பத்திரமா வச்சுக்குவேன்"ங்கிறான், கையக் கட்டிக்கிட்டு! எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரு சொல்லிக் குடுத்தது?

— நான்தாங்க.

— நீங்களா?

— பத்து நாளா. சின்ன வயசுல அவன் சர்ச்சுல புதுநன்மை வாங்குறப்ப ஞானோபதேசக் கேள்வி பதில் சொல்லிக் குடுத்த மாதிரியே. தப்பா சொன்னா அழுவான். கண்ணத் தொடச்சு விட்டு மறுபடி கேப்பேன். நீங்கதானேங்க சொன்னீங்க, ஜட்ஜ் ஐயா பரீட்சை பண்ணுவாருன்னு?

— அடக் கடவுளே! பரிசோதிச்சுப் பாப்பாருன்னு சொன்னேம்மா. இவனால முடியாதுன்னு அவரு கண்ணால பாத்தாத்தானே உங்கள நியமிப்பாரு!

— எனக்கென்னங்க தெரியும்? ஃபெயிலாயிட்டா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன். நாலு பேரு முன்னாடி அவன் முழிச்சுக்கிட்டு நிக்கிறதயும் பாக்க மனசு வரலீங்க.

— அப்பீல் பண்ணலாம். மாசக் கணக்காகும்.

— அதுவர வீட்ட விட்டு வெளிய விடாம வச்சுக்குறேன்.

— அவன் போறேன்னு சொன்னா உங்களால தடுக்க முடியாதும்மா. இனிமே அவன் இஷ்டம்தான் சட்டம்.

— அவனுக்கு ஏதுங்க இஷ்டம்? கூப்பிட்டவங்க பின்னாடி போவான். அந்தா, சித்தப்பாவோட நிக்கிறான் பாருங்க. இன்னாசி! அவரு கைய விட்டுட்டு இங்க வாடா!

— அக்கா, நான் பாஸாயிட்டேன்! ஒண்ணுகூடத் தப்பா சொல்லல, ஏன்க்கா அழுவுற? சித்தப்பா ஜட்கா வண்டி கொண்டாந்திருக்காரு. பாஸானவங்க அக்காகூட இருக்கக் கூடாதாம், நான் போறேன்.