முள் ஏறுகிறதா?

— பெட்ரோல் முள்ளு ஏறுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு சாந்தா.

— இல்லீங்க. காலின்னே காட்டுது. காலையிலதான் டேங்க் ஃபுல் பண்ணிட்டு வந்தேன்.

— சாவி ஆன்ல இருக்குதா? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணித் தொலைச்சுடாதே. பின்சீட்டைத் தூக்கிட்டு டேங்க் மேலயே குனிஞ்சிருக்கேன்.

— ஆன்லதாங்க இருக்குது. கார் ஓட்டத் தெரியாதவகிட்டப் பேசறாப்பல பேசாதீங்க.

— ஓட்டத் தெரிஞ்சவதான் ஃப்ரீவேல பெட்ரோல் தீர்ந்து நிப்பாளா?

— நின்னது யாராலீங்க?

— ஆரம்பிச்சுட்டியா. நம்ம வீட்டு ரூல் என்ன? பெட்ரோல் காட்டற கேஜ் செத்துப்போச்சு. அதனால டேங்க் ஃபில் பண்ணினவங்க ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணணும். முந்நூறு மைல் காட்டினா மறுபடி ஃபில் பண்ணணும். சிம்பிள் லாஜிக். ஸ்கூல் பையன்கூடப் பண்ணிடுவான்.

— அந்த ரூலைத்தான் நானும் நம்பினேன். அன்னிக்கு ட்ரிப் மீட்டர் நாப்பது மைல்தான் காட்டுச்சு. நாப்பது மைல்ல ஒரு டேங்க் காலியாகுமா? பெட்ரோல் போடாம அதை ஜீரோ பண்ணினது யாரு?

— வெண்பா ஏதாச்சும் அமுக்கியிருப்பா.

— நாலு வயசுப் புள்ளை மேல போடாதீங்க. பின்னாடி கார்சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்கறவளுக்குக் கை எட்டுமா?

— அந்த டார்ச்சைக் குடு. இருட்டா இருக்கு.

— இந்தாங்க. நீங்கதானே பண்ணினீங்க? ஞாயித்துக்கிழமை, காரைக் கழுவறேன்னு வந்தப்ப?

— ஆமா, பண்ணினேன். அதுக்கென்ன இப்போ? நான் ஆபீஸ் போனதுக்கப்புறம் நீ வாரத்துல எவ்வளவு சுத்தறேன்னு எனக்குத் தெரியணும். புருஷன் செக் பண்ணினா தப்பா?

— செக் பண்ணிப்போட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். டேங்க் ஃபுல்லா இருக்குதுன்னு நம்பி புள்ளையக் கூட்டிட்டுப் போனேன். ஆகஸ்ட் வெயில்ல, ஃபிஃப்டி நைன் ஃப்ரீவே ஓரத்துல. ஏசி இல்லை. ட்ரக் ஒண்ணொண்ணு போறப்பவும் கார் ஆடுது. அவ மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு, தண்ணி கேட்டு அழுவறா. உங்களுக்கு ஃபோன் பண்ணினா முதல்ல என்ன கேட்டீங்க?

— என்ன கேட்டேன்?

— அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலைன்னு கேட்டீங்க. புள்ளை எப்படி இருக்குதுன்னு கேக்கலை. அன்னிக்கே என்ற மனசு விட்டுப்போச்சுங்க.

— நான் கேட்டதுல என்ன தப்பு? இங்கே டவுன்டவுன்ல டல்லஸ் கம்பெனிக்கு இன்டர்வியூ, புருஷனுக்குத் தெரியாம. வொர்க் பர்மிட் கைக்கு வந்ததும் றெக்கை முளைச்சிருச்சு. அது என்னோட க்ரீன் கார்டு அப்ளிகேஷன்ல வந்தது. மறந்துடாதே.

— மறக்க விட்டாத்தானே. ஊர்ல நானும் இன்ஜினீயரா வேலை பாத்தவதான். இங்க வந்து இத்தனை வருஷம் உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டினேன். கடைசியில ஒரு வேலை கெடைச்சுது. அதைச் சொல்றதுக்குக் கம்பெனிக்காரங்க நம்ம வீட்டுக்கு ஃபோன் பண்ணினா, நீங்க எடுத்து, என் வொய்ஃபுக்கு இன்ட்ரஸ்ட் இல்லைன்னு சொல்லிப்போட்டு வெச்சீங்க. நான் அடுப்படியிலதான் நின்னுட்டு இருந்தேன்.

— வேலை டல்லஸ்ல. வீடு இங்கே சுகர் லேண்ட்ல. தினம் பறந்தா போவே? லாஜிக் வேணாமா மனுஷிக்கு?

— எல்லாரும் அங்கே மாறிப் போலாம்னேன். சிரிச்சீங்க.

— இப்பவும் சிரிப்பேன். உன் சம்பளத்துக்காக நான் பெட்டி தூக்கிட்டு உன் பின்னாடி வரணுமா? ஊர்ல என்ன பேசுவாங்க? சாவியை ஆஃப் பண்ணு.

— பண்ணியாச்சு.

— டேங்க்ல இருந்து கனெக்டரைக் கழட்டிட்டேன். கேஜுக்குப் போற ரெண்டு முனையையும் ஒரு வயர் வெச்சுச் சேர்த்திருக்கேன். இப்ப ஆன் பண்ணு. முள்ளு?

— ஏறுதுங்க! ஃபுல் வரைக்கும் போயிருச்சு.

— அப்போ கேஜ் நல்லாருக்கு, அது வரைக்கும் போற வயரும் நல்லாருக்கு. கோளாறு டேங்க் பக்கந்தான். ஆஃப் பண்ணு. ம்... இங்கே பாரு, இந்த பின்னு பூராப் பச்சையாத் துரு. உப்புத்தாள் எடு.

— இந்தாங்க. நல்லாத் தேயுங்க. அரைகுறையா விட்டுப்போடாதீங்க.

— என்ன இது, புதுசா? காலையில இருந்து கேக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கறே.

— மறுபடியும் புள்ளையோட நடுரோட்டுல நிக்க என்னால ஆகாதுங்க. அவ்வளவுதான்.

— சரி. பின்னாடி டிரங்க் பக்கம் கார் ஏன் இப்படி இறங்கிக் கிடக்கு? என்ன வெச்சிருக்கே உள்ளே?

— துணிங்க.

— கண்ட குப்பையும் கார்லதானா?

— அம்மா, வேர் இஸ் மை பிளாங்க்கெட்?

— கார்லதான் இருக்குது வெண்பா கண்ணு. ஷூ போட்டுட்டு வா.

— பேர்லேண்ட் கோயிலுக்குப் போறதுக்கு பிளாங்க்கெட் எதுக்குடி?

— வழியில தூங்கிருவாளுங்க. தேச்சாச்சா?

— ஆச்சு. கனெக்டரையும் மாட்டிட்டேன். ஆன் பண்ணு. இப்போ?

— இருங்க... ஏறுது. கால்... அரை... முக்கால் தாண்டிருச்சு. ஃபுல்லுங்க. அங்கேயே நிக்குது.

— பார்த்தியா! மெக்கானிக் வேணும், மெக்கானிக் வேணும்னு ஒப்பாரி வெச்சியே. இனிமே ட்ரிப் மீட்டரே வேணாம். நீ பால் வாங்கப் போய்ட்டு வந்தாக்கூட முள்ளு எங்கிட்ட சொல்லிடும்.

— சரிங்க. சீட்டை இறக்கிட்டு, வெண்பா கார்சீட்டையும் ஆடாம இறுக்கி மாட்டிருங்க.

— மாட்டிட்டேன், போதுமா? ஆட்டிப் பாரு, அசையாது.

— ஃபுல் டேங்க்ல எவ்வளவு தூரம் நிறுத்தாமப் போலாமுங்க?

— உன் டல்லஸ் வரைக்கும் போலாம். தைரியம் இருந்தாப் போய்ப் பாரேன், யாரு தடுத்தா? சரி, கையெல்லாம் பெட்ரோல் நாத்தம். கழுவிட்டு வர்றேன், நான்தான் ஓட்டுவேன். புள்ளைய ஏத்திட்டு சாவியைக் குடு.

— அவ ஏறி பெல்ட்டும் போட்டாச்சு. சாவி இதுலயே இருக்கட்டுமுங்க. நீங்க வெச்ச ஃபோனை நான் மறுநாளே எடுத்து, வேலைக்கு வர்றேன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை டல்லஸ்ல ஜாயின் பண்றேன். இந்த முள்ளு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரிவர்ஸ் எடுக்கோணும்.