சம்பந்தி வீட்டில் கேட்கக் கூடாதது

உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு நடுவயதுத் தம்பதி. மகன் கட்டிக்கொண்ட ஜெர்மன்காரப் பெண்ணின் வீட்டாரை முதன்முதலாகப் பார்க்க, அடுத்த மாதம் ஜெர்மனி போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கணவர் மடியில் படம் போட்ட சுற்றுலா வழிகாட்டி. அந்த அம்மாள் கையில் தடித்த ஜெர்மனி சரித்திரப் புத்தகம்.

"நடுவுல இருந்த செவுத்தையே இடிச்சு ஒண்ணாயிட்டாங்க. உனக்கெதுக்கு அம்மிணி பழைய சண்டைக் கதை?"

"சம்பந்தி ஊட்டுல என்ன கேக்கக் கூடாதுன்னு பாக்கறேனுங்க."

"என்னத்தக் கேக்கப் போறோம்? பூர்வீகம் எந்த ஊரு, தாத்தா என்ன பண்ணுனாரு, அவ்வளவுதான?"

"அதைத்தானுங்க கேக்கக் கூடாது. அந்தத் தாத்தா சண்டைக் காலத்துல யாரை என்ன பண்ணுனாரோ."

அவர் வழிகாட்டியில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"சரி, கேக்கல. வேற பேசிக்கலாம்."

"ஏனுங்க, அவங்களும் நம்ம நாட்டுச் சரித்திரத்தைப் படிச்சுப்போட்டு உக்காந்திருந்தா? தோட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு உங்கப்பா எதுக்குக் கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்துனாருன்னு கேட்டா?"

அவர் வழிகாட்டியை மூடினார். மெல்லிய குரலில் கேட்டார்.

"அதெல்லாமா புத்தகத்துல போட்டிருப்பாங்க?"