சுவருக்கு அந்தப் பக்கத்து எஞ்சின்

மாலைப் பள்ளியின் மேடையிலே மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! எழுத்தென்றால் எட்டிக்காய் என்றிருந்த எங்கள் விரல்களைப் பிடித்து எழுதவைத்த ஆசிரியை அம்மா அவர்களே! எனக்கு முன்னால் பிறந்த பெரியோர்களே - இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள், இருந்தாலும் வணக்கம்! எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் படித்து முடித்துவிட்ட தாய்மார்களே! முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் என் சகலை அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்தத் தாளில் இருப்பது முழுவதும் என் கையெழுத்து. பதினோரு நாள் எழுதினேன். ஆகவே மெதுவாகத்தான் வாசிப்பேன். மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

எழுபத்தொரு வயதில் என்னைப் பள்ளிக்கு இழுத்து வந்தது எது? அறிவுத் தாகமா? இல்லை. ஆன்றோர் அறிவுரையா? இல்லவே இல்லை. வயிற்றெரிச்சல்! கலப்படம் இல்லாத, வடிகட்டிய வயிற்றெரிச்சல்! சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இருக்கிறது, நான் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டினேன். மலையில் ஓட்டினேன், மழையில் ஓட்டினேன், மண் சரிந்த வழியில் ஓட்டினேன். ஓட்டியதெல்லாம் அடுத்தவர் வண்டி. ஓய்வு பெற்ற பின்புதான் எனக்கென்று ஒரு கார் வாங்கினேன். புத்தம் புதிய கார்! எட்டே நாள். பக்கத்து வீட்டுச் சகலை - என் மனைவியின் தங்கை கணவர் - அதே கடையில், அதே காரை, அதே நிறத்தில் வாங்கி நிறுத்தினார். அவர் யார்? தையல்காரர்! ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகியவர்! நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் என் கார், அந்தப் பக்கம் அவர் கார்.

லாரிக்காரர்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. புது எஞ்சினா? தூங்கும் குழந்தையைத் தோளில் தூக்கிப் போவதுபோல நாற்பதிலேயே ஓட்டு, கூட்டாதே, குறைக்காதே. ஆயிலா? இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார். கெட்டியாக நூல் இழுத்தால் நல்ல ஆயில். எங்களில் பலருக்கு டின்னில் போட்டிருப்பதைப் படிக்கத் தெரியாது. விரல்தான் எங்களுக்குக் கண்.

புதுக் காரில் இருந்த ஆயிலைத் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீர்! ஏமாற்றிவிட்டார்கள் என்று எடுத்தேன் ஓட்டம், ஆயில் கடைக்கு.

"பெரியவரே, இது லாரிக்கு ஊத்துறது" என்றார் கடைக்காரர்.

"எஞ்சின்னா எஞ்சின்தான்யா. நீ ஊத்து."

நாற்பதில் போனேன். நாற்பதிலேயே வந்தேன். என் மனைவி மட்டும் ஒருநாள் வாய் திறந்தாள். "ஏங்க, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு ஓட்டக் கூடாதா?"

"முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டுனது நீயா, நானா?"

அதோடு அவள் வாயை மூடினாள். நான் என் எஞ்சின் வாயைத் திறந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் டக டக டக! பெட்ரோலைக் குடித்தது, நகரச் சோம்பியது. சுவருக்கு அந்தப் பக்கம்? மூச்சுச் சத்தம்கூட இல்லை. தையல்காரர் தலை சுவருக்கு மேல் எழுந்தது.

"அண்ணே, தையல் மெஷின் வாங்கிட்டீங்களா? சத்தம் நம்ம கடை மாதிரியே இருக்கே!"

தாய்மார்களே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் ஓட்டிய லட்சணம் என்ன? ஒரு நிமிடம் முப்பது, மறு நிமிடம் அறுபது! கெடும், கெடட்டும் என்று காத்திருந்தேன். கெட்டதா? விடிந்ததும் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். கெடவில்லையே! கடைசியில் வெட்கத்தை விட்டு, "எப்படி சகலை?" என்றேன்.

"வண்டிக்குள்ள ஒரு புத்தகம் குடுத்தானே, அதுல போட்டிருக்குண்ணே."

அந்தப் புத்தகம் என் காரிலும் இருந்தது, துடைக்கும் துணிக்கு அடியில், உறை பிரிக்காமல். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்பேனா? தையல்காரரிடமா? அன்று மாலையே இங்கே வந்து நின்றேன்.

"அம்மாங்கிற வார்த்தையிலேருந்து ஆரம்பிக்கலாம் ஐயா" என்றார் ஆசிரியை.

"எஞ்சின்லேருந்து ஆரம்பிங்கம்மா. அவசரம்."

ஐந்து மாதம். கார் ஓடியது எண்ணூற்று அறுபது கிலோமீட்டர். அன்று உறையைப் பிரித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, என் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு முழு வரியைப் படித்தேன்: "முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம்." விரலை வைத்து மறுபடி படித்தேன், அதேதான். அடுத்த வரி? மெல்லிய ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டுமாம்! ஆயில் ஓடுவதற்குப் பழைய லாரி எஞ்சின் அகலச் சாலை. இது இடுக்குச் சந்து. என் கெட்டி ஆயில் அதில் நுழைந்து மேலே ஏறுவதற்குள் இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. அந்த டக டக, என் எஞ்சினின் அழுகை!

இன்னும் நூற்று நாற்பதே கிலோமீட்டர்! ஓடினேன் கடைக்கு. விரலால் தேய்க்கவில்லை ஐயா, தேய்க்கவில்லை! டின்னில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்து, புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, "இது!" என்றேன். மனைவியை ஏற்றிக்கொண்டு கூட்டினேன், குறைத்தேன், கூட்டினேன், குறைத்தேன். ஆயிரம் முடிந்த மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். அமைதி! கைதட்டுங்கள், இந்த இடத்தில் தட்டலாம்.

நேரே சுவருக்குப் போனேன். "சகலை! புத்தகத்த நானே படிச்சிட்டேன்!"

"நீங்களேவா?" அவர் முகம் சுருங்கியது. "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுண்ணே. உங்க மச்சினிதான் பக்கத்துல உக்காந்து, இப்பக் கூட்டுங்க, இப்பக் குறைங்கன்னு படிச்சுச் சொல்லுவா."

நான் திரும்பினேன். என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவ வீட்டுப் புத்தகத்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம். நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள்.

அவையோரே! அவருக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் வீட்டிலும் படித்தவள் இருந்தாள், என் வீட்டிலும் இருந்தாள். அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. அவர் காரைப் பார்த்தா இனி பொறாமைப்படுவேன்? "என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று மனைவியிடம் கேட்ட அந்த நாக்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்! இந்தத் தாளை எழுதி முடித்ததும் நானும் கேட்டேன். அவள் ஏழு இடத்தில் திருத்தினாள். ஏழையும் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. நேற்று என் சகலை இந்தப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நீங்க படிக்கிறதப் பாத்தா வயிறு எரியுதுண்ணே" என்றார். ஆகா! எழுபத்தொரு ஆண்டுகளில் இப்படி ஓர் இனிய சொல் என் காதில் விழுந்ததில்லை!

சகலை அவர்களே, வாழ்க என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வருக என்று சொல்கிறேன்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையாகத் திருத்தியவளுக்கும் நன்றி. வணக்கம்.