பங்காளிக் கூறு

நெமிலிச்சேரி வெயிலில் செடி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தண்ணீர் ஊற்றினால் வளரும், ஊற்றாவிட்டால் காயும். இதற்காக நிஷா வருடக்கணக்கில் படித்திருந்தாள். வலைப்பந்தல் போட்டு, சாவியைக் கொடுத்து, என்னைக் காவலுக்கு வைத்தாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

நடுக்கடல் தீவுகளிலிருந்து வந்த விதைகளாம். எந்தக் காலத்திலோ ஒரு செடியின் விதை பறவைக் காலில் ஒட்டிக்கொண்டு ஒரு தீவில் விழுந்ததாம். அங்கிருந்து அடுத்த தீவு, அதற்கடுத்த தீவு. ஓரிடத்தில் மரமானது, ஓரிடத்தில் தரையோடு படர்ந்தது. தின்ன மிருகம் இல்லாததால் முள்ளையும் கசப்பையும் விட்டுவிட்டதாம்.

"எல்லாம் பங்காளிங்க தாத்தா. ரொம்ப நாள் பிரிஞ்சி இருந்ததால வேற வேற இனமா ஆயிடுச்சு. இப்போ பக்கத்துல வெச்சாலும் ஒண்ணு சேராது. உங்க பசங்க மாதிரி," என்று சிரித்தாள்.

"செடிய பத்தி மட்டும் பேசும்மா," என்றேன்.

படித்தவர்களுக்குச் சிரிப்பு சுலபமாக வரும். என் பெரியவன் ஜெயராமன் சிங்கப்பூரில், சின்னவன் வரதன் ஆஸ்திரேலியாவில். ஆடிக் கெடாவெட்டுக்கு இருவரையும் வரவழைத்து, ஒரே பந்தியில் உட்காரவைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்திருந்தேன். முதல்நாள் இருவரும் போன் செய்தார்கள்.

"அவன் வர்றதா இருந்தா நா வரல நைனா."

இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

பந்தலின் கோடியில் ஒரு தொட்டி தனியாக இருந்தது. அந்தச் செடி இருந்த தீவில் கப்பல்காரர்கள் விட்ட ஆடுகள் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டன, உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம் என்று நிஷா சொல்லியிருந்தாள். அப்போதுதான் பூ வைத்திருந்தது. விதை பிடிக்கவேண்டுமே என்று பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல அதைக் குனிந்து குனிந்து பார்ப்பாள்.

வலையைக் கிழித்துக்கொண்டு ஆடு நுழைந்ததாகப் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள், அய்யா. கிழியவில்லை. கெடாவெட்டு அன்று விடிகாலையில் பூட்டைத் திறந்து கெடாவை உள்ளே ஓட்டியவன் நான். நேராக அந்தத் தொட்டிக்குத்தான் ஓட்டினேன். முள்ளுமில்லை, கசப்புமில்லை, அண்ணாந்துகூடப் பார்க்காமல் தின்றது. வேரை நான் பிடுங்கிக் கொடுத்தேன்.

கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கெடா உடம்பை உதறித் துலுக்கியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. குற்றமிருந்தால் கொடுக்குமா?

உரித்தவன் மட்டும் கத்தினான். "இன்னா நைனா, வெட்ற நாள்ல இம்மாந் தழைய துன்ன வுட்டுக்கீற!"

வயிற்றில் இலை பச்சையாகவே கிடந்தது. குடலை நானே அலசினேன்.

மதியம் நிஷா வந்தாள். இலை போட்டுப் பரிமாறினேன். குடல் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கினாள்.

"சூப்பர் தாத்தா. உங்க பசங்களுக்குத்தான் குடுத்துவெக்கல."

கை கழுவிவிட்டுப் பந்தல் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன்.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வராத பங்காளிகள் இருவரின் கறிக் கூறையும் தூக்குச்சட்டியில் போட்டு அவளிடம்தான் கொடுத்தேன். ஆகாதவளுக்கு யாராவது கூறு கொடுப்பார்களா?