கண்ணாடி துடைக்கும் நேரம்

என் மூக்குக்கண்ணாடி சீக்கிரம் மங்கிவிடும். அதற்காகவே சட்டைப் பையில் ஒரு மெல்லிய துணி வைத்திருப்பேன். இடது பக்கம் நான்கு தேய்ப்பு, வலது பக்கம் நான்கு. விசாரணைக் குழுவில் நீங்கள் மூவரும் விவரமாகக் கேட்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் என்னிடம் முனைவர் பட்டம் முடித்தவள். கணவனும் மூன்று வயது மகளும் வேறு ஊரில். அடுத்த கட்ட ஆய்வு வேலையை அந்தப் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எட்டு இடங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தேன். படித்திருப்பீர்கள். என் மகனுக்குக்கூட அவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

கடிதம் போதாதென்று தேர்வுக் குழுவினர் போனில் அழைப்பார்கள். கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "மறுபடியும் வாய்ப்பு வந்தா இவங்களை நீங்களே வேலைக்கு எடுத்துப்பீங்களா?"

அந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணாடி துடைக்கத் தோன்றும். எதிர்முனை காத்திருக்க, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, நல்ல உழைப்பாளி என்பேன். எதிர்முனையில் தொண்டையைக் கனைத்து நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். அவளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

ஒவ்வொரு முறையும் வேலை கிடைக்காமல் முகம் வாடி வந்து நிற்பாள். என் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கிருந்த தற்காலிகப் பணியை ஆறு மாதம் நீட்டித்துக் கொடுப்பேன். "நீங்க இல்லன்னா நடுத்தெருதான் சார்" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எங்கள் பழைய கருவி அவள் கைக்குத்தான் அடங்கும். என் பெயரில் வந்த கடைசி ஐந்து கட்டுரைகளும் அவள் உழைப்பு.

எட்டாவது இடம் கணவன் ஊரிலேயே இருந்தது. அதற்கடுத்த மாதத்தோடு அந்த வேலைகளுக்கான வயது வரம்பும் அவளுக்கு முடிய இருந்தது. அந்த இடமும் கைநழுவிய பிறகு அவள் நடவடிக்கையே மாறிப்போயிற்று. மேசை இழுப்பறையைப் பூட்டினாள். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்தினாள். போனில் என்ன கேட்பார்கள் என்று சாதாரணமாக விசாரித்தாள். வழக்கமானதுதான் என்றேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது.

மறுவாரம் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து என்று ஓர் ஆண் பேசினார். எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறாளே என்று சுருக்கென்றது. அதே கேள்வி வந்தது. அன்று கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியாது.

மாட்டிக்கொண்டு பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள், காதில் போனோடு; அதே அழைப்பில் அவளும் இணைந்திருந்தாள். என் காதில் அதே ஆண்குரல், என்னிடம் அல்ல, அவளிடம் பேசியது.

"கேட்டியா? இதான் எட்டு தடவையும் நடந்திருக்கு."

அந்தக் குரல் அவள் கணவனுடையது. அவன் சொன்னது சரி. எட்டையும் கெடுத்தது நான்தான். மறுக்கவில்லை. ஆய்வுக்கூடச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் அன்றே போய்விட்டாள்.

இப்போது நீங்களும் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். பாருங்கள், கண்ணாடியைக் கழற்றவில்லை. உடனே எடுத்துக்கொள்வேன். ஆறு மாத நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டே வைத்திருக்கிறேன். என் போனை அவள் எடுப்பதில்லை. உங்களில் யாராவது அவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு இங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது.